அறுபத்தாறும் ஏழும்

பாக்கியசாமி சிரிக்கும் சத்தம் தெருமுனை வரை கேட்டது. மழை சற்று விட்டிருந்தது. கரித்தூள் கரைந்து கருஞ்சேறாய்க் கிடந்த தெருவில், செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு ஓரமாகக் கால்வைத்து வந்துகொண்டிருந்த எப்சிபா அப்படியே நின்றுவிட்டாள். அவள் அப்பா சிரித்து மூன்று வருஷம் இருக்கும். இரண்டு கண்ணிலும் பார்வை போனபிறகு அவர் சிரித்து அவள் கேட்டதில்லை.

அன்று சுரங்கத்து கேன்டீனில் கூட்டம் இல்லை. ஐப்பசி மழை நாலு நாளாக விடாமல் அடித்ததில் இரண்டாம் ஷிஃப்டுக்குச் சாப்பிட வந்தவர்கள் குறைவு. "போங்கம்மா, வூட்டுல போய்ச் சூடா எதனா சாப்புடுங்க" என்று சூப்பர்வைசர் சிங்காரவேலு நாலு பெண்களை ஆறு மணிக்கே அனுப்பிவிட்டார். எப்சிபா அந்த கேன்டீனில் பதினேழு வருஷமாகக் கான்ட்ராக்டில் இருக்கிறாள். இட்லி பாய்லர்தான் அவள் இடம். நாற்பத்து மூன்று வயதில் அவள் முன்கையில் முடியே இல்லை, ஆவி தின்றுவிட்டது.

ஜன்னல் வழியாகப் பார்த்தாள். டியூப்லைட்டுக்குக் கீழே அப்பா பிளாஸ்டிக் நாற்காலியில் முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தரையில் தம்பி ரெஜினின் மனைவி செசிலியா, மடியில் ஒரு தடித்த பைபிளை விரித்து வைத்திருந்தாள்.

"நாயுமா கூட போவுது?" என்று அப்பா கேட்டார்.

"ஆமா மாமா. புள்ளையும் அந்த ஆளும் ஊருக்குக் கெளம்பறாங்க. நாயும் பின்னாலயே போவுது. அப்டிதான் போட்டிருக்கு."

"அதுக்குப் பேரு போட்டிருக்கா?"

"நாய்க்கா? இல்ல மாமா. நாய்னுதான் இருக்கு."

"மணின்னு வெச்சுக்குவோம்" என்று சொல்லிவிட்டு அவர் மறுபடியும் சிரித்தார்.

வேதாகமத்தில் அப்படி ஒரு நாய் கிடையாது. ஆதியாகமம் தொடங்கி வெளிப்படுத்தல் வரை நாலு முறை முழுசாக வாசித்தவள் எப்சிபா. லுத்தரன் சபையில் இருபது வருஷமாக ஞாயிறு பள்ளி நடத்துகிறவள். வேதத்தில் நாய் வந்தால் நக்கவோ கடிக்கவோதான் வரும். யாருடைய பின்னாலும் ஆசையாகப் போகாது.

அவள் உள்ளே நுழைந்ததும் செசிலியா எழுந்து, "வாங்க அண்ணி, டீ வெக்கட்டுமா?" என்றாள். அப்பா முகத்தில் சிரிப்பு அடங்கியது. அது அவராக அடக்கியதா, தானாக அடங்கியதா என்று எப்சிபாவுக்குத் தெரியவில்லை.

பாக்கியசாமி சுரங்கத்தில் கரி ஓடும் பெல்ட்டுக்கு ஆபரேட்டராக இருந்து ரிடையர் ஆனவர். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு மந்தாரக்குப்பத்தில் கீழ்ப் போர்ஷன் ஒன்றில் வாடகைக்கு வந்தார்கள். வந்த வருஷமே அம்மா போய்விட்டாள். அதற்கு முன் அம்மா படுக்கையில் கிடந்த ஆறு வருஷத்தில் எப்சிபாவுக்கு இரண்டு வரன் வந்து, காத்திருந்து, வேறு இடம் பார்த்துக்கொண்டு போயின. பிறகு அப்பாவின் கண்ணில் அழுத்தம் ஏறியது. நரம்பு செத்துப்போய்விட்டது, இனிமேல் ஒன்றும் செய்வதற்கில்லை என்று புதுச்சேரியில் சொல்லிவிட்டார்கள்.

அவர் சபையில் நின்று வேதபாடம் வாசித்த மனிதர். வாசிக்காமல் அவரால் இருக்க முடியாது என்று எப்சிபாவுக்குத் தெரியும். தினமும் மாலை ஏழு மணிக்கு அவள் வாசித்தாள். ஒரு சொல் பிசகினால் அவர் மனப்பாடமாகத் திருத்துவார். சில நாள் கேட்டுக்கொண்டே தூங்கிவிடுவார். அப்போதும் அவள் அதிகாரத்தை முடித்துவிட்டுத்தான் எழுவாள். அந்த ஒரு மணி நேரம் அவளுடையது. ஆடி மாசம் அவளை மதிய ஷிஃப்டுக்கு மாற்றினார்கள். ஏழு மணிக்கு அவள் பாய்லர் முன்னால் நிற்க, அந்த நேரம் தம்பி பெண்டாட்டி கைக்குப் போனது.

செசிலியா மேல்பட்டாம்பாக்கத்துப் பெண், கத்தோலிக்கம். இரண்டு வருஷத்துக்கு முன் ரெஜின் விரும்பிக் கட்டிக்கொண்டான். பழைய மொழிபெயர்ப்பு அவளுக்கு வாயில் புரளவில்லை. அதனால் தன் வீட்டிலிருந்து கொண்டுவந்த பைபிளை எடுத்துக்கொண்டாள். அவள் அம்மா கல்யாணத்துக்குக் கொடுத்தது அது. கொடுத்த ஐந்தாம் மாசம் அந்த அம்மா இறந்துபோனாள்.

மறுநாள் காலை பின்பக்கம் துவைக்கும் கல்லில் உட்கார்ந்து செசிலியா சங்கரா மீன் அரிந்துகொண்டிருந்தாள். தகரத்தின் மேல் தூறல் விழுந்துகொண்டிருந்தது. எப்சிபா அருகே நின்று தேங்காய் துருவினாள்.

"நேத்து அப்பாவுக்கு என்னா வாசிச்ச?" என்றாள் எப்சிபா.

"தோபித்து அண்ணி. கண்ணு தெரியாத ஒருத்தரும் அவர் புள்ளையும் வர்ற கத. மாமாவுக்குப் புடிக்கும்னு தோணுச்சு."

"அது வேதத்துல இல்ல."

"எங்கள்துல இருக்குதே அண்ணி."

"அதத்தான் கேக்கறேன். வேதம் அறுபத்தாறு. ஒன்னாங்கிளாஸ் புள்ளைங்களுக்கு நான் பாட்டா சொல்லிக் குடுக்கறேன். பழையது முப்பத்தொம்பது, புதுசு இருபத்தேழு. நீ மேல ஏழ எங்கருந்து கொண்டாந்த?"

செசிலியா மீனின் வயிற்றைக் கீறி, பித்தம் உடையாமல் குடலை இழுத்துப் போட்டாள். "நான் எங்கருந்தும் கொண்டாரல. எங்களுக்கு எழுபத்து மூணுன்னு சொல்லிக் குடுத்தாங்க. உங்ககிட்ட ஏழு கொறையுதுன்னா அது எங்க போச்சுன்னு உங்க ஆளுங்களத்தான் கேக்கணும்."

"கொறையல. தேறாதுன்னு தள்ளுனது. அதான் அதுக்குப் பேரே தள்ளுபடி ஆகமம்."

"யாரு அண்ணி பரீட்ச வெச்சது?"

எப்சிபா தேங்காய் மூடியை வேகமாகத் திருப்பினாள். "மீன் பித்தத்தக் கண்ணுல தடவுனா பார்வ வந்துடும்னு அதுல எழுதியிருக்காமே. அது வேதமா? நாட்டு வைத்தியம்."

"துப்பி, மண்ணுல சேறு உண்டாக்கிக் கண்ணுல பூசுனது யோவான்ல வருதே."

"அது ஆண்டவர் செஞ்சது."

"இது அவர் அனுப்புன தூதர் சொன்னது அண்ணி. அந்தப் புள்ளகூடப் போற ஆளு."

அவள் குரலில் வம்பு இல்லை. சமையலுக்கு உப்பு போதுமா என்று கேட்கிற குரல்தான். அதுவே எப்சிபாவுக்கு எரிந்தது.

"அவருக்கு வீணா ஆச காட்டாத. கண்ணு திரும்ப வரும்னு நெனைச்சுகினு உக்காந்தாருன்னா நாளைக்கு யாரு பதில் சொல்றது?"

"மாமா அப்டி நெனைக்கல. நான் கேட்டேன்" என்றாள் செசிலியா. "எனக்கு இனிமே கண்ணு எதுக்கு, பாக்க வேண்டியதப் பாத்துட்டேன், நீ வாசின்னாரு."

அப்பா தன்னிடம் அப்படி ஒரு பேச்சுப் பேசியதில்லை. மூன்று வருஷமாகக் கண்ணைப் பற்றி அவரிடம் கேட்கவே எப்சிபா பயந்துகொண்டிருந்தாள். நேற்று வந்தவள் கேட்டிருக்கிறாள், அவரும் பதில் சொல்லியிருக்கிறார்.

குழம்பு நன்றாக இருந்தது. அப்பா இரண்டாவது முறை சோறு கேட்டு வாங்கினார். "பித்தம் உடையாம அரிஞ்சிருக்கா பாரு" என்று செசிலியாவை மெச்சினார். தேங்காய் துருவி அரைத்தது நான் என்று சொல்ல எப்சிபாவின் வாய் வரை வந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எல்லோரும் குடையைப் பிரித்துக்கொண்டிருந்தபோது அவள் போதகரிடம் போனாள். வந்து ஒரு வருஷம்கூட ஆகாத இளம் போதகர். அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"பாஸ்டர், தள்ளுபடி ஆகமத்த வூட்டுல வெச்சு வாசிக்கலாமா?"

"யாரு வாசிக்கறாங்க?"

"தம்பி பொண்டாட்டி. அப்பாவுக்கு வாசிக்கறா. நாயெல்லாம் வருதாம்."

"தோபித்தா?" என்று போதகர் சிரித்தார். "நல்ல கதக்கா அது. நம்ம லுத்தர் அத தூக்கியெறியல, தெரியுமா. வேதத்துக்குச் சமமில்ல, ஆனா வாசிச்சாப் பிரயோஜனம் உண்டுன்னு சொல்லி ரெண்டு ஏற்பாட்டுக்கும் நடுவுல வெச்சாரு. யூதருங்க எபிரேயத்துல வெச்சிருந்த பட்டியல நாம எடுத்துக்கிட்டோம். கிரேக்கத்துல பொழங்குனத அவுங்க எடுத்துக்கிட்டாங்க. ஆதிச் சபைப் பெரியவங்களுக்குள்ளயே இதுல ஒத்துப்போகல. எத்தியோப்பியாவுல பாத்தீங்கன்னா ஏனோக்கு புஸ்தகத்தையும் சேத்து இன்னும் பெரிய வேதமா வெச்சிருக்காங்க. நம்ம யூதா நிருபத்துலயே ஏனோக்கு சொன்னதா ஒரு தீர்க்கதரிசனம் வருதே, கவனிச்சிருக்கீங்களா?"

யூதா நிருபத்தை அவள் எத்தனையோ முறை பிள்ளைகளுக்கு நடத்தியிருக்கிறாள். ஒரே ஒரு அதிகாரம். அந்த வரியும் அவளுக்குத் தெரியும். அது எங்கிருந்து வந்தது என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

"அப்ப தப்பில்லங்கறீங்க."

"உபதேசத்துக்கு ஆதாரமா வெக்க வேணாம். கேக்கறதுக்கென்ன. அப்பா சந்தோஷமா இருக்காரா?"

"இருக்காரு" என்றாள் எப்சிபா.

"அப்பறம் என்னக்கா."

அவள் குடையை விரிக்க மறந்து பாதித் தூரம் நனைந்துகொண்டே நடந்தாள். கூடாது என்று ஒரு வார்த்தை வாங்கிக்கொண்டு போகத்தான் வந்தாள். அது கிடைக்கவில்லை.

அன்று மத்தியானமே செசிலியா ஊருக்குப் பஸ் ஏறிவிட்டாள். மறுநாள் கல்லறைத் திருநாள். அம்மாவின் கல்லறையைக் கழுவி, பூப்போட்டு, மெழுகுவத்தி ஏற்றிவிட்டுச் செவ்வாய்க்கிழமை திரும்புவதாகச் சொன்னாள். ஒரு பை நிறையச் சாமந்தி எடுத்துக்கொண்டாள். பைபிளை எடுத்துப் போகவில்லை. மழையில் நனைந்துவிடும் என்று அதை பிளாஸ்டிக் கவரில் சுற்றி அலமாரித் தட்டில் வைத்திருந்தாள்.

திங்கட்கிழமை காலை. ரெஜின் சுரங்கத்தில் முதல் ஷிஃப்டுக்குப் போயிருந்தான். மழை நாளில் பெல்ட்டுக்குக் கீழே விழும் சேற்றை வாரி வாரி அவனுக்கு இடுப்பு விட்டுப்போகும். அப்பா குளித்துவிட்டு வெயில் வருகிறதா என்று பார்ப்பவர்போல வாசல் பக்கம் முகத்தைத் திருப்பி உட்கார்ந்திருந்தார். கிறிஸ்துமஸுக்கு ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் காகித நட்சத்திரம் ஒட்ட வேண்டும். எப்சிபா அடுப்பில் மைதாவைக் கரைத்துப் பசை காய்ச்சினாள். கிண்டி இறக்கி, ஆறட்டும் என்று வைத்துவிட்டு நூலும் கத்தரிக்கோலும் எடுக்க அலமாரிக்குப் போனாள். கவர் கண்ணில் பட்டது.

பார்க்கத்தான் எடுத்தாள். பழைய ஏற்பாடு முடிந்து புதியது தொடங்குவதற்கு நடுவில் அந்த ஏழும் தனியாக இருந்தன. தோபித்து அதில் முதலாவது. பக்கங்களின் ஓரம் விரல்பட்டு லேசாக மங்கியிருந்தது. அங்கே ஒரு நினைவு அட்டை செருகியிருந்தது. செசிலியாவின் அம்மா படம், பிறந்த தேதி, இறந்த தேதி, கீழே ஒரு ஜெபம். எப்சிபா அந்த அட்டையை எடுத்துச் சங்கீதத்தில் பத்திரமாக வைத்தாள். பிறகு பசைச் சட்டியைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

முதல் இரண்டு தாளுக்கு ஓரத்தில் மட்டும் தடவினாள். அதன் பிறகு கை நிற்கவில்லை. பக்கம் முழுக்க இழுத்துப் பூசி, மேலே அடுத்ததை வைத்து, உள்ளங்கையால் நீவி நீவி அழுத்தினாள். எழுத்துகளைப் பார்க்கவே இல்லை. தோபித்து முடிந்ததும் நிறுத்தினாள். மீதி ஆறின் மேல் அவளுக்கு ஒரு கோபமும் இல்லை.

"என்னா பண்ற எப்சி?" என்று அப்பா வாசலிலிருந்து கேட்டார்.

"நட்சத்திரத்துக்குப் பசை காய்ச்சறேன்பா."

கவரைச் சுற்றி இருந்த இடத்தில் வைத்தாள். வேலைக்குப் போய்ப் பாய்லரில் மாவு ஊற்றும்போது மனசு லேசாக இருந்தது. மாலை நாலு மணிக்கு மேல் அந்த லேசு எங்கோ போய்விட்டது. நாளைக்குச் செசிலியா திறப்பாளே என்ற ஒன்று மட்டும்தான் மீதி இருந்தது.

செவ்வாய்க்கிழமை எப்சிபாவுக்கு வார லீவு. செசிலியா மத்தியானம் வந்தாள். கடலூர் கருவாடும், அவள் அண்ணன் கொடுத்த கொய்யாவும் கொண்டுவந்திருந்தாள். ஏழு மணிக்கு அப்பாவே கேட்டார்.

"செசிலி, ரெண்டு நாளா அந்தப் புள்ள ஊருக்குப் போய்ச் சேராம வழியிலயே நிக்கறான். வாசிம்மா."

எப்சிபா சமையலறை வாசலில் உட்கார்ந்து கருவாட்டுக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. கவர் பிரியும் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. தலையைத் தூக்கினபோது செசிலியா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மடியிலிருந்த புத்தகத்தில் தோபித்து ஒரு மரப்பலகைபோலப் பிரியாமல் விறைத்துக் கிடந்தது. எப்சிபா கருவாட்டைப் பார்த்துக் குனிந்தாள்.

செசிலியா வாசிக்க ஆரம்பித்தாள்.

பையனும் அவன்கூடப் போன ஆளும் ஆற்றங்கரையில் தங்கினது, கால் கழுவ இறங்கியவனைப் பெரிய மீன் ஒன்று எகிறிப் பிடிக்க வந்தது, பயப்படாதே பிடித்து இழு என்று அந்த ஆள் சொன்னது, எல்லாம் வரிசையாக வந்தது. எங்கும் தடங்கவில்லை. புத்தகத்தில் இருப்பதுபோலவே சொல் சொல்லாக நிறுத்திச் சொன்னாள். அவள் அம்மா பங்குக் கோவிலில் மறைக்கல்வி நடத்தியவள் என்று ரெஜின் எப்போதோ சொன்னது எப்சிபாவுக்கு ஞாபகம் வந்தது. செசிலியாவுக்குப் புத்தகமே தேவையில்லை.

"செசிலி" என்றார் அப்பா. "நீ பக்கம் திருப்பல."

"பெரிய பக்கம் மாமா."

"தினம் நாலஞ்சு தடவ திருப்புவ. எச்சி தொட்டுத் திருப்புவ. இன்னிக்கு ஒரு தடவகூட இல்ல."

"ஈரத்துல தாளு ஒட்டிகினு இருக்குது மாமா. மழையில்ல."

"குடு" என்று அவர் கையை நீட்டினார்.

தடவிப் பார்த்தார். கட்டையாக ஒட்டிக் கிடந்த தாள்களின் விளிம்பில் கட்டைவிரலை ஓட்டினார். பிறகு மூக்கருகே கொண்டுபோனார்.

"மைதா" என்றார். "எப்சி, இங்க வா."

அவள் கருவாட்டுக் கையோடு வந்து நின்றாள்.

"நீயா?"

"ஆமா."

"எதுக்கு?"

"அது வேதம் இல்லப்பா. நீதான எனக்குச் சொல்லிக் குடுத்த. வேதத்தோட ஒண்ணையும் கூட்டக் கூடாதுன்னு."

"ஒண்ணையும் கொறைக்கவும் கூடாதுன்னும் அதே எடத்துல இருக்கு" என்றார் அவர். குரலில் கோபமில்லை. களைப்பு இருந்தது. "சரி. வேதமில்லன்னுதான ஒட்டுன. இவ யோவான் வாசிச்சிருந்தா என்னா பண்ணியிருப்ப?"

வெளியே தகரத்தில் மழை வலுத்தது. பொய் சொல்லலாம். எப்சிபா செசிலியாவின் முகத்தைப் பார்த்தாள். அங்கே கண்ணீர்கூட இல்லை. காத்திருப்பது மட்டும் இருந்தது.

"அதையும் ஒட்டியிருப்பேன்" என்றாள்.

அப்பா புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டார்.

"போன வருஷம் கேன்டீன்லருந்து ஒரு டப்பா கேசரி கொண்டாந்த. யாரோ ரிடையர் ஆனாங்கன்னு குடுத்தது. நான் என்னா கேட்டேன், குடுத்தாங்களா, எடுத்துகினு வந்தியான்னு கேட்டேன். நீ ஒண்ணும் பேசாம உள்ள போயிட்ட. அன்னிக்கு நீ சாப்புடல. தட்டு சத்தம் கேக்கல எனக்கு."

"அது எப்பவோ போச்சுப்பா."

"இந்த தோபித்தும் அப்டித்தான். கண்ணு போயி உக்காந்திருக்கான். பொண்டாட்டி நெசவு நெய்ஞ்சு கஞ்சி ஊத்தறா. வேல குடுத்தவங்க சந்தோஷமா ஒரு ஆட்டுக்குட்டி குடுத்து அனுப்பறாங்க. ஆடு கத்தறது காதுல விழுந்ததும், திருடுனதா, திருப்பிக் குடுத்துடுங்கறான். அந்த எடத்த இவள நாலு தடவ வாசிக்க வெச்சேன். உன்ன ஒரு நாளு வாசிக்கச் சொல்லணும்னு இருந்தேன். எப்டிச் சொல்றது. உனக்குத்தான் அது வேதமில்லயே."

எப்சிபாவுக்கு அழுகை வந்தது. அந்த அழுகையின் நடுவிலும் ஒன்று குத்தியது. நாலு தடவை. நாலு தடவையும் செசிலியா வாசித்திருக்கிறாள். எதற்காக அந்த இடத்தைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார் என்று அவளிடம் சொல்லியும் இருப்பார். தன்னைப் பற்றிய ஒரு விஷயம் தனக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

செசிலியா எழுந்து அவர் மடியிலிருந்து புத்தகத்தை எடுத்தாள். எதையோ தேடிப் புரட்டினாள். சங்கீதத்தில் அம்மாவின் அட்டை அகப்பட்டதும் அதை எடுத்துச் சேலைத் தலைப்பால் துடைத்தாள்.

"இத மட்டும் எடுத்து வெச்சிருக்கீங்க" என்றாள். "நான் எங்கம்மா கல்லறைய கழுவிகினு இருக்கறப்ப நீங்க இந்த வேல செஞ்சிருக்கீங்க அண்ணி."

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இரண்டு நாள் வீட்டில் யாரும் யாரோடும் தேவைக்கு மேல் பேசவில்லை. ரெஜின் மட்டும் ஒருமுறை, "ஏன்க்கா இப்டி" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் குளிக்கப் போனான். ஏழு மணிக்கு அப்பா நாற்காலியைச் சுவர் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டார். செசிலியா சமைத்தாள், பரிமாறினாள், எப்சிபாவின் தட்டிலும் சரியாக வைத்தாள். அண்ணி என்று மட்டும் கூப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமை வேலைக்குக் கிளம்பும்போது எப்சிபா அவள் முன்னால் போய் நின்றாள்.

"அத எங்கிட்ட குடு. கேன்டீன்ல ஆவியில காட்டுனா பசை விட்டுடும். நானே பிரிச்சுத் தரேன்."

செசிலியா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை. எப்சிபா செருப்பை மாட்டிக்கொண்டு பையை எடுக்க வந்தபோது டிபன் டப்பாவுக்கு மேல் அந்த பிளாஸ்டிக் கவர் இருந்தது.

ஐந்து மணிக்கு முதல் ஈடு இட்லி இறக்கியபின் பாய்லர் சும்மா இருந்தது. எப்சிபா ஒரு இட்லித் துணியைக் காயவைத்து விரித்து, மூடியை ஒரு விரற்கடை திறந்து, வருகிற ஆவியில் புத்தகத்தைச் சாய்த்துப் பிடித்தாள். நனைந்துவிடாமல், வெந்துவிடாமல், நாலு எண்ணிவிட்டு வெளியே எடுத்து, தோசைத் திருப்பியின் மெல்லிய ஓரத்தை விட்டு நெம்ப வேண்டியிருந்தது. சிங்காரவேலு ஒருமுறை எட்டிப் பார்த்து, "என்னாம்மா, புஸ்தகத்த வேக வெக்கற?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

பக்கத்து அடுப்பில் சாம்பார் கிண்டிக்கொண்டிருந்த தேவயானி வந்து நின்றாள். முத்தாண்டிக்குப்பத்துக்காரி. "சாமி புஸ்தகமாக்கா?"

"எங்க சாமி புஸ்தகத்துல இது இல்ல. அவுங்கள்துல இருக்கு. நான்தான் பசை போட்டு ஒட்டிட்டேன்."

"ஒரே சாமிதான உங்களுக்கு?"

"ஒரே சாமிதான்."

தேவயானி யோசித்தாள். "கத நல்லா இருக்குமா?"

"தெரியாது. நான் வாசிச்சதில்ல."

"வாசிக்காமயா ஒட்டுன?"

எப்சிபா நெம்புவதை நிறுத்தினாள். ஆவியில் அவள் முகமெல்லாம் நனைந்திருந்தது. "ஆமாண்டி" என்றாள்.

ஓரத்தில் மட்டும் தடவிய தாள்கள் நல்லபடியாகப் பிரிந்தன. முழுக்கப் பூசியவற்றில் இரண்டு மட்டும் மசியவில்லை. ஒன்றின் எழுத்து மற்றதில் ஒட்டிக்கொண்டு தோலாக உரிந்தது. ஒவ்வொன்றையும் துணியின் மேல் பரப்பி ஊதி ஊதி ஆறவைக்கும்போது அவள் முதல்முறையாக அதை வாசித்தாள். அறையிலிருந்து செத்துச் செத்து வெளியே வந்த ஏழு மாப்பிள்ளைகள், மகளுக்கு வரும் எட்டாமவனுக்காக முன்கூட்டியே குழி வெட்டிவைக்கும் ஒரு அப்பா, பிள்ளை வரும் வழியைப் பார்த்து உட்கார்ந்தே நாள் போக்கும் ஒரு தாய். வேதமா இல்லையா என்று பார்க்க அவளுக்கு அவகாசம் இல்லை. அடுத்தது என்ன ஆகிறது என்றுதான் தாள் தாளாகப் பிரித்தாள். ஆட்டுக்குட்டி வருகிற பக்கத்தில் எட்டுப் பத்து வரி காணாமல் வெறும் வெள்ளையாக இருந்தது.

மறுநாள் காலை அவள் புத்தகத்தைச் செசிலியாவின் முன் வைத்தாள். மழை விட்டு, மேகத்துக்கு நடுவே கொஞ்சம் வெளிச்சம் விழுந்திருந்தது. செசிலியா ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தாள். அந்த வெள்ளை வந்ததும் அங்கேயே விரலை வைத்தாள்.

"இந்த எடம் போயிடுச்சு."

"போயிடுச்சு" என்றாள் எப்சிபா. "உனக்கு மனப்பாடந்தான. நீ சொல்லு. நான் எழுதறேன். என் கையெழுத்துச் சின்னதா இருக்கும்."

செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு முதல்முறையாகச் செசிலியா அவளை நேராகப் பார்த்தாள். "நீங்களா? வேதத்தோட கூட்டக் கூடாதுன்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

"அப்பறம்?"

"சொல்லுடி. எனக்கு ஒரு மணிக்கு பஸ்ஸு."

செசிலியா சொன்னாள். எப்சிபா ஞாயிறு பள்ளி வருகைப் பதிவுக்கு வைத்திருந்த மெல்லிய பேனாவால், தாள் கிழியாமல், அச்சு எழுத்தின் அளவுக்கே எழுதினாள். ஒரு இடத்தில் செசிலியா சொல்லைத் தப்பாகச் சொல்லிவிட்டுத் திருத்தினாள். அந்தத் தப்பில் எப்சிபாவுக்கு ஒரு சின்ன சந்தோஷம் வந்தது. அதை அவள் மறைத்துக்கொண்டாள். குருடன் கேட்ட கேள்வியை எழுதும்போது மட்டும் கை சற்று நின்று போயிற்று.

நாற்காலியைச் சுவரிலிருந்து திருப்பிப் போடும் சத்தம் கேட்டது.

"காலையிலயே என்னா பேச்சு அங்க?" என்றார் அப்பா.

"எழுதறோம் மாமா. அண்ணி எழுதறாங்க."

"மை காஞ்சுதா?"

"காஞ்சுடுச்சு" என்றாள் எப்சிபா.

"அப்ப வாசிங்க."

யாரைச் சொன்னார் என்று இருவருக்கும் தெரியவில்லை. புத்தகம் எப்சிபாவின் கையில் இருந்தது. அவள் அவர் காலடியில் உட்கார்ந்து, தான் எழுதிய இடத்திலிருந்து தொடங்கினாள். ஆடு கத்தியது, அவன் கேட்டது, அவன் பெண்டாட்டி திருப்பிக் கேட்டது எல்லாவற்றையும் வாசித்தாள். பாக்கியசாமி தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். திருத்த அவருக்கு அதில் ஒன்றும் மனப்பாடம் இல்லை. அவர் கை மெல்ல நீண்டு அவள் தலையில் பட்டு, அங்கேயே தங்கியது.

அவள் எழுத்து முடிந்து அச்செழுத்து தொடங்கிய இடத்தில் செசிலியா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "குடுங்க அண்ணி, மீதிய நான் வாசிக்கறேன். உங்களுக்கு பஸ்ஸுக்கு நேரமாவுது" என்று கையை நீட்டினாள்.

எப்சிபா அந்தக் கையைப் பார்த்தாள்.

"இரு" என்று சொல்லிவிட்டு, அடுத்த அதிகாரத்தையும் அவளே வாசித்தாள்.